மாதவிடாய் நிக்கிற வயசு, எச்ஐவி, மூச்சு வாங்கறது – குடல் பாக்டீரியா கேப்சூல் வாங்கலாமா?

பெயர்_வேண்டாமுங்க:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தவ, இப்பத்தான் மொத தடவையா எழுதறேன், நீளமா போச்சுன்னா கோவிச்சுக்காதீங்க. வயசு 44, திருச்செங்கோடு பக்கம், தறிப் பட்டறை வேலை. என்ற வீட்டுக்காரர் ரிக் வண்டில வடக்க போயி வேலை பார்த்தவர், இப்ப இல்லீங்க. 2007-ல பையன் வயித்துல இருக்கறப்ப ஜிஹெச்-ல எடுத்த டெஸ்ட்ல எனக்கு பாசிட்டிவ்னு தெரிஞ்சுது. பையன் நெகட்டிவ்ங்க, காலேஜ் போறான். எனக்கு ஆரம்பத்துல கன்னம் ஒட்டிப்போற மாத்திரை குடுத்தாங்க, அப்பறம் ராத்திரி கண்டபடி கனவு வர்ற மாத்திரை, இப்ப சில வருசமா டிஎல்டி, மூணு மருந்து சேந்த ஒரே எச்ஐவி மாத்திரை. மாத்திரைய விட்டதே இல்ல. வைரல் லோடு, அதான் ரத்தத்துல வைரஸ் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுலதான் இருக்குது.

விசயம் என்னன்னா போன ஆடிக்கப்பறம் தூரம் வரவே இல்லீங்க. திடீர்னு மூஞ்சி காது எல்லாம் நெருப்பா காந்துது, ராத்திரி வேர்த்து ரவிக்கை நனைஞ்சு எந்திரிச்சு மாத்திக்கறேன். ஏஆர்டி சென்டர்ல, அதான் எச்ஐவி மாத்திரை குடுக்கற எடத்துல, நர்ஸம்மா மாசாமாசம் கேப்பாங்கல்ல இருமல் காய்ச்சல் எடை குறையறது ராத்திரி வேர்வைன்னு, நான் வேர்வை இருக்குதுங்கன்னு சொன்னதும் சளி டெஸ்ட்டுக்கு எழுதிட்டாங்க. டிபி இல்லைன்னு வந்துருச்சு. அதோட அந்த வேர்வை பேச்சு முடிஞ்சுது, வேற எதுனாலன்னு யாரும் கேக்கல, எனக்கும் கேக்க கூச்சம்.

டிஎல்டிக்கு மாறினதுல இருந்து 51 கிலோ இருந்தவ 62 ஆயிட்டேன். இப்ப பட்டறை மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சுக்குழி அடைக்கிற மாதிரி இருக்குது. பக்கத்துல ஒரு தனியார் டாக்டர்கிட்ட போனேன், கையில கூட தொட்டுப் பாக்காம கேஸ்தான்னு சொல்லி ரோஸ் கலர் டானிக்கு ஒண்ணு எழுதிக்குடுத்தாரு, சாப்பாட்டுக்கு அப்பறம் ரெண்டு வேளை. குடிச்சிட்டு இருக்கேன்.

இப்ப யூடியூப்ல ஒரு வீடியோ பாத்தேனுங்க. எச்ஐவி இருக்கற பொம்பளைங்களுக்கு குடல்ல நல்ல பாக்டீரியா செத்துருது, அதனால ஹார்மோன் கொறையுது, அதனால ஹார்ட் அட்டாக் வருதுன்னு சொல்றாங்க, கீழ புரோபயாட்டிக் கேப்சூல் லிங்க், மாசத்துக்கு 2,400 ரூவா. என்ற சம்பளத்துல அது பெரிய காசு. நெசமாலுமே அப்படி இருக்குதுங்களா? வாங்கோணுமா? இல்ல ஹார்ட்டுக்கு எதாச்சும் டெஸ்ட் எடுக்கோணும்னா எங்க போயி என்னன்னு கேக்கறது?

கோமதி_சென்னை:

தங்கச்சி, மொதல்ல கேப்சூல விடு. படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுன்னா நாளைக்கே ஜிஹெச் போயி ஒரு ஈசிஜி எடு. ஓபி சீட்டு போட்டா காசு இல்லாமலே எடுப்பாங்க. நமக்கெல்லாம் சினிமால வர்ற மாதிரி நெஞ்ச புடிச்சிகினு சாயறது தான் ஹார்ட் அட்டாக்னு நெனப்பு. பொம்பளைங்களுக்கு தாடை வலி, முதுகு வலி, வாந்தி வர்ற மாதிரி, சும்மா உக்காந்திருக்கும்போதே ஜில்லுனு வேர்வை, சொல்ல முடியாத அசதி, இப்டியும் வரும். கேஸ்னு சொல்லி அனுப்புறதும் இதனாலதான். சும்மா இருக்கும்போதே அடைச்சா, கொஞ்ச நேரத்துல விடலன்னா, ஓபி எல்லாம் பாக்காத, 108.

ரெண்டாவது, எனக்கு 53 ஆவுது, நானும் பாசிட்டிவ் தான், 2004-ல தாம்பரத்துல ஃப்ரீ மாத்திரை குடுக்க ஆரம்பிச்சப்பவே வாங்கினவ. எனக்கு 42-லயே நின்னுடுச்சு. அப்போ யாரும் மெனோபாஸ்னு ஒரு வார்த்த சொல்லல. சென்டர்ல சிடி4 (எதிர்ப்பு சக்தி செல் கணக்கு) கேப்பாங்க, மாத்திரை எண்ணுவாங்க, காண்டம் குடுப்பாங்க, பீரியட்ஸ் வருதான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நம்மளே வாய தொறந்து சொல்லணும். கூச்சப்பட்டா நமக்குதான் நஷ்டம். அப்புறம் 44 வயசுல தூரம் வரலன்னா உடனே நின்னுபோச்சுன்னு முடிவு கட்டாத, தைராய்டு இருந்தாலும் நிக்கும். கர்ப்பம் இல்லன்னும் பாத்துடணும், திட்டாத, டாக்டருங்க எப்படியும் அத மொதல்ல கேப்பாங்க. ஒரு வருஷம் முழுசா வரலன்னா தான் மெனோபாஸ்னு கணக்கு.

மதுர_கவுன்சிலர்:

அக்கா, நான் முன்னாடி ஒரு ஏஆர்டி சென்டர்ல கவுன்சிலரா இருந்தவன். உங்க கேள்விய விட அந்த ரோஸ் கலர் டானிக்கு தான் எனக்கு பக்குன்னு இருக்கு.

அது ஆன்ட்டாசிட் ஜெல்லா இருந்தா அதுல அலுமினியம், மெக்னீசியம் இருக்கும். டிஎல்டில இருக்கற டோலுடெக்ராவிர் அந்த உலோகத்தோட வயித்துலயே ஒட்டிக்கிரும், ரத்தத்துல சரியா ஏறாது. மாத்திரைய தவறாம போட்டும் பாதி போடாத மாதிரி. நீங்க ராத்திரி சாப்ட்டு டானிக்கையும் குடிச்சு டிஎல்டியும் போட்டா அதான் நடக்கும். டானிக்கு கண்டிப்பா வேணும்னா டிஎல்டிய அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி போடணும், இல்லாட்டி டானிக்கு குடிச்சு 6 மணி நேரம் கழிச்சு போடணும். பேண்டோப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரைக்கு இந்த பிரச்சினை கிடையாது. உங்க சென்டர் எம்ஓ (மெடிக்கல் ஆபீசர்) கிட்ட பாட்டிலோட காட்டுங்க, அடுத்த வைரல் லோடு எப்பன்னும் கேளுங்க.

இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, மாதவிடாய் நிக்கிற வயசுல யாராச்சும் ஒருத்தர் கால்சியம் மாத்திரையும் எழுதுவாங்க, அயர்ன் மாத்திரையும் எழுதுவாங்க. அதுவும் இதே கத தான். ஒரே ஒரு வசதி, கால்சியம் அயர்ன் ரெண்டையும் சாப்பாட்டோட சேத்து போட்டா டிஎல்டியோட ஒண்ணாவே போடலாம், வெறும் வயித்துல தான் கூடாது. ஆன்ட்டாசிட்டுக்கு அந்த சலுகை இல்ல.

வெயிட்டு ஏறுனதுக்கு முழுசா உங்க வாயக் குத்தம் சொல்லாதீங்க. டோலுடெக்ராவிர்ல எடை கூடும், பொம்பளைங்களுக்கு இன்னும் கூடும், தென்னாப்பிரிக்கால பண்ணுன ட்ரயல்லயே தெளிவா வந்துச்சு. அந்த கனவு மாத்திரை எஃபாவிரன்ஸ், அது எடைய கொஞ்சம் அமுக்கியே வச்சிருக்கும், அத விட்டதும் அமுக்குனது போயிரும். ரெண்டும் சேந்து தான் 11 கிலோ. அதுக்காக நிறுத்திறாதீங்க. ஹார்ட்டுக்கு மாத்திரைய விட வைரஸ் தான் பெரிய எதிரி.

மூச்சு வாங்கறதுக்கு ஹீமோகுளோபினும் பாருங்க. நம்ம ஊருல படி ஏற முடியாத பாதி பொம்பளைங்களுக்கு ரத்தம் தான் இல்ல.

நுண்ணுயிர்_பித்தன்:

நான் டாக்டர் இல்ல, மைக்ரோபயாலஜி படிச்சவன், குடல் பாக்டீரியா தான் சோறு போடுது. அதனால வீடியோல சொன்னது எவ்வளவு நிஜம்னு மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளும்.

எச்ஐவிய ரத்த வியாதின்னு நெனைக்கிறோம், ஆனா அது மொதல்ல போய் சூறையாடுற இடம் குடல். சிடி4 செல்கள் ரத்தத்துல ஓடுறத விட குடல் சுவர ஒட்டி ரொம்ப அதிகம், தொற்று வந்த சில வாரத்துலயே அங்க இருக்கறதுல பெரும்பகுதி காலி ஆயிடும். அதுல டிஎச்17னு ஒரு வகை, குடல் சுவத்துல ஓட்டை விழாம பாத்துக்கறதே அதோட வேலை. ஏஆர்டி போட்டா ரத்தத்துல சிடி4 நல்லா ஏறிடுது, குடல்ல அந்த அளவுக்கு ஏறாது. அப்போ பாக்டீரியாவோட மேல்தோல் துணுக்குகள், எல்பிஎஸ்னு சொல்லுவோம், குடல் சுவத்த தாண்டி ரத்தத்துல கசியுது. இத 2006-ல அமெரிக்க என்ஐஎச்ல பிரென்ச்லி, டூயெக் குழு காட்டினாங்க. ரத்தத்துல இருக்கற மோனோசைட்னு வெள்ளை அணுக்கள் இத பாத்துட்டு நாள் முழுக்க சண்டைக்கு தயாராவே நிக்கும். வைரஸ் ஜீரோ, ஆனா உடம்பு உள்ளுக்குள்ள சூடாவே இருக்கு. அந்த சூட்டுல கெளம்பின செல்கள் தான் ரத்தக்குழாய் சுவத்துக்குள்ள பூந்து கொழுப்ப முழுங்கி அங்கயே படிவா உக்காருது. இதுவரைக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கற கதை.

இதுல ஹார்மோன் எங்க வருதுன்னா, ஈஸ்ட்ரோஜன ஈரல் ஒரு சர்க்கரை அமிலத்த ஒட்டி பித்தநீர் வழியா குடலுக்கு தள்ளி விடும், வெளிய போகட்டும்னு. அங்க சில பாக்டீரியாகிட்ட பீட்டா குளுகுரோனிடேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது அந்த ஒட்டின துண்ட வெட்டி விட்டுடும், ஈஸ்ட்ரோஜன் மறுபடி ரத்தத்துக்கே போயிடும். அதாவது உடம்புல எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் சுத்துதுங்கறதுல பாக்டீரியாவுக்கும் ஒரு கை இருக்கு. எதிர்ப்பக்கமும் உண்டு, ஈஸ்ட்ரோஜன் கொறஞ்சா குடல்ல யார் யார் குடியிருக்காங்கங்கறதே மாறுது. 2022-ல அமெரிக்க லத்தீன் இனப் பெண்கள்கிட்ட எடுத்த ஆய்வுல மெனோபாஸ் முடிஞ்சவங்க குடல் பாக்டீரியா ஆம்பளைங்களோடத போல ஆகியிருந்துச்சு, அந்த நொதியோட மரபணுக்களும் கம்மி.

எச்ஐவி உள்ள பெண்கள்கிட்ட ரெண்டும் ஒண்ணா மோதுது. 2007-ல பாஸ்டன்ல ரெண்டு ஆஸ்பத்திரி ரெக்கார்டுகள வெச்சு பாத்தப்போ எச்ஐவி இருக்கற ஆம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் ரிஸ்க் எச்ஐவி இல்லாத ஆம்பளைங்கள விட 1.4 மடங்கு, பெண்களுக்கு கிட்டத்தட்ட 3 மடங்கு. (பயப்படாதீங்க, பெண்களுக்கு அந்த வயசுல அடிப்படையிலேயே ரிஸ்க் கம்மி, கம்மில 3 மடங்கு.) அப்புறம் கருமுட்டை இருப்ப காட்டுற ஏஎம்எச் ஹார்மோன் கொறஞ்சு போன எச்ஐவி பெண்களுக்கு இதய ரத்தக்குழாய்ல படிவு அதிகமா இருந்ததையும் பாத்திருக்காங்க. அமெரிக்கால 1993-ல இருந்து எச்ஐவி உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் சேத்து வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்துட்டு வர ஒரு பெரிய ஆய்வு இருக்கு, அதுல மலத்த சோதிச்சு, கழுத்து ரத்தக்குழாய ஸ்கேன் பண்ணி ஒப்பிட்டாங்க. படிவு இருந்தவங்க குடல்ல ஃபியூசோபாக்டீரியம் வகை அதிகம். இது சாதாரணமா வாயில, பல் ஈறுல குடியிருக்கற ஆளு. என்னைக் கேட்டா 2,400 ரூபாய்ல பாதி செலவு பண்ணி பல் டாக்டர்கிட்ட போங்கன்னு தான் சொல்லுவேன்.

இப்போ வீடியோக்காரர் விட்ட கதை எங்கன்னா, 'அதனால', 'அதனால'ன்னு வரிசையா சொன்னாருல்ல, அந்த வரிசைய யாரும் நிரூபிக்கல. பாக்டீரியா மாறினதால படிவா, உடம்பு சூட்டால பாக்டீரியா மாறுச்சா, மூணும் வேற எதனாலயோ மாறுச்சா, கோழியா முட்டையா கேஸ் தான் இது. கேப்சூலு? எச்ஐவி உள்ளவங்களுக்கு நல்ல தரமான புரோபயாட்டிக்க 24 வாரம் குடுத்து பாத்த அமெரிக்க ட்ரயல் ஒண்ணு இருக்கு, அந்த மோனோசைட் சூட்ட காட்டுற எஸ்சிடி14 அளவு இறங்கவே இல்ல. ஹார்ட் அட்டாக்க கொறைக்கும்னு எந்த புரோபயாட்டிக்கும் காட்டல. காச மிச்சம் பண்ணுங்கம்மா.

இயற்கையே_மருந்து:

இவ்வளவு பெரிய பெரிய வார்த்தை எதுக்கு? நம்ம தாத்தா பாட்டி காலைல பழைய சோறும் நீராகாரமும் குடிச்சு வாழ்ந்தாங்க, ஹார்ட் அட்டாக் வந்துச்சா? ஒரு மண்டலம் பழைய சோறு சாப்பிடுங்க சகோதரி, கூடவே அந்த இங்கிலீஷ் மாத்திரைய கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சா உடம்பு தானா சுத்தமாகும், எடையும் இறங்கும். எல்லாத்துக்கும் காரணம் அந்த கெமிக்கல் தான்.

கோமதி_சென்னை:

யோவ், ஒனக்கு வாயில சொல்ல வருது, போய் சேர்றது நாங்க. மாத்திரைய நிறுத்துன்னு சொல்றவங்கள நம்பி போன என் கூட்டாளிங்க எத்தினி பேருக்கு மாலை போட்டிருக்கேன் தெரியுமா. 90கள்ல இதே மாதிரி பேசி தான் ஊர் ஊரா மூலிகை வித்தானுங்க. தங்கச்சி, அந்த ரெண்டாவது வரிய படிக்காத மாதிரி விட்டுடு.

நுண்ணுயிர்_பித்தன்:

கோமதிம்மா சொன்னதுக்கு ஆதாரமும் இருக்கு. ஸ்மார்ட்னு ஒரு பெரிய ட்ரயல், 2006-ல ரிசல்ட் வந்துச்சு, 5,472 பேரு. சிடி4 நல்லா இருக்கும்போது மாத்திரைக்கு லீவு விட்டா பக்கவிளைவு கொறையும், ஹார்ட்டுக்கும் நல்லதுன்னு நெனச்சு தான் ஆரம்பிச்சாங்க. நடந்தது தலைகீழ், நிறுத்தினவங்க பக்கம் தான் சாவும் அதிகம், ஹார்ட் பிரச்சினையும் அதிகம். பாதியிலயே நிறுத்திட்டாங்க.

பழைய சோறு மேல எனக்கு கோவம் இல்ல, நானே சாப்பிடுவேன், சின்ன வெங்காயத்தோட. ஸ்டான்லில குடல் அழற்சி நோயாளிங்களுக்கு அத குடுத்து ஆராய்ச்சியே பண்ணினாங்க. கெடாம சுத்தமா ஊற வெச்சா தாராளமா சாப்பிடுங்க, ஆனா அது சாப்பாடு, மருந்து இல்ல. ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்காதீங்க, பிபி இருந்தா உப்பு தான் மொத வில்லன். குடல்ல பியூட்டிரேட்னு குடல் சுவத்துக்கு நல்லது பண்ணுற ஒரு கொழுப்பு அமிலத்த தயாரிக்கிற பாக்டீரியா எச்ஐவி உள்ளவங்களுக்கு கம்மியா இருக்கும், அதுங்களுக்கு தீனி நார்ச்சத்து தான்: கம்பு, ராகி, கொள்ளு, தட்டப்பயறு, கீரை, முருங்கைக்காய். உங்க ஊர்ல கெடைக்காததா. இது ஹார்ட் அட்டாக்க தடுக்கும்னு நான் சொல்லல, சர்க்கரைக்கும் எடைக்கும் எப்படியும் நல்லது.

ஜிஹெச்_மெடிசின்:

பொது மருத்துவத்துல இருக்கேன். ட்யூட்டி நடுவுல எழுதறதால சுருக்கமா.

அம்மா, பாக்டீரியா பத்தி பேசறதுக்கு முன்னாடி பிபி யாராவது பாத்தாங்களா? நீங்க எழுதினதுல அது இல்லவே இல்ல. ஈசிஜி, பிபி, ஹீமோகுளோபின், தைராய்டு, வெறும் வயித்து சர்க்கரையோட மூணு மாச சராசரி சர்க்கரை, கொழுப்பு, கிட்னிக்கு கிரியேட்டினின். இவ்வளவும் ஜிஹெச்-ல ஆகும். தேவைப்பட்டா எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எழுதுவாங்க. இதுக்கு மேல ஏஎம்எச், எல்பிஎஸ், மல பரிசோதனைன்னு யாராவது பேக்கேஜ் போட்டா வேண்டாம்னு வந்துடுங்க, அந்த ரிசல்ட்ட வெச்சு உங்களுக்கு செய்ய ஒண்ணும் இல்ல.

உங்க மாதிரி ஆளுங்களுக்கு ஹார்ட் விஷயத்துல உண்மையிலேயே வேலை செஞ்ச ஒண்ணு இருக்கு, அத எந்த யூடியூப்லயும் விக்க மாட்டாங்க. ரிப்ரீவ்னு ஒரு ட்ரயல், 2023-ல வெளியாச்சு, 12 நாடு, இந்தியாவும் அதுல உண்டு, 40ல இருந்து 75 வயசு வரைக்கும் 7,769 எச்ஐவி நோயாளிங்க, 10 பேர்ல 3 பேர் பெண்கள். எல்லாரும் ஏஆர்டில, பெரிய ஹார்ட் ரிஸ்க் இல்லாதவங்க. பாதி பேருக்கு தினம் பிடாவாஸ்டாடின் 4 மில்லிகிராம் (ஸ்டாடின்னு சொல்ற கொழுப்பு குறைக்கிற மாத்திரைல ஒரு வகை), பாதி பேருக்கு வெத்து மாத்திரை. 5 வருஷத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய சம்பவங்கள் 35 சதவீதம் கொறஞ்சுது. கொழுப்பு ரொம்ப ஏறியிருந்தவங்க கூட இல்ல இவங்க. அதுக்கப்புறம் தான் அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் 40 வயசு தாண்டின எச்ஐவி நோயாளிங்களுக்கு ஸ்டாடின் பத்தி வழிகாட்டுதலையே மாத்தினாங்க. நேர்மையா சொல்லணும்னா, 5 வருஷத்துல ஒரு சம்பவத்த தடுக்க நூறு பேருக்கு மேல மாத்திரை சாப்பிடணும், அதனால எல்லாருக்கும் கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன், டாக்டர்கிட்ட உக்காந்து பேச வேண்டிய விஷயம். பிடாவாஸ்டாடின் வெளி மெடிக்கல்ல கிடைக்கும், கவர்மெண்ட் ஃபார்மசில பொதுவா அட்டார்வாஸ்டாடின் தான், டிஎல்டியோட அது ஒத்துப்போகும். ரிடோனவிர் கலந்த ரெண்டாம் கட்ட மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் கவனம், அவங்களுக்கு சிம்வாஸ்டாடின் கூடவே கூடாது, மத்ததுக்கும் டோஸ் பாக்கணும்.

ராத்திரி வேர்வைக்கு டிபி பாத்தது சரி தான். இல்லன்னு வந்த பிறகு மகப்பேறு ஓபிக்கு அனுப்பியிருக்கணும். 45-க்கு முன்னாடியே முழுசா நின்னா ஹார்மோன் சிகிச்சை பத்தி பேசலாம், ரத்தம் கட்டின வரலாறு, மார்பக புற்றுநோய் இல்லாதவங்களுக்கு. எலும்புக்கும் அது நல்லது. டோலுடெக்ராவிரோட பெருசா மோதாது. நீங்களா கடைல வாங்கி போடாதீங்க.

சிவா_திருப்பூர்:

நடுவுல ஒரு டவுட்டுங்க. எங்க அம்மாவும் பாசிட்டிவ், 49. முட்டை, கறி சாப்ட்டா குடல் பாக்டீரியா அதை விஷமா மாத்தி ஹார்ட்டுக்கு அனுப்புதுன்னு ஒருத்தர் சொன்னாருங்க, அம்மா முட்டையவே விட்டுட்டாங்க, ஏற்கனவே ஒல்லி. நெசமா?

நுண்ணுயிர்_பித்தன்:

டிஎம்ஏஓ பத்தி சொல்லியிருப்பாரு. முட்டைல இருக்கற கோலின், கறில இருக்கற கார்னிடின் ரெண்டையும் பாக்டீரியா ஒரு பொருளா மாத்தும், ஈரல் அத டிஎம்ஏஓ ஆக்கும். பொதுவா ஹார்ட் நோயோட அதுக்கு தொடர்பு பாத்திருக்காங்க, எச்ஐவி உள்ளவங்ககிட்ட பாத்தா ஒரு ஆய்வு ஆமாங்குது ஒரு ஆய்வு இல்லைங்குது. ஒல்லியான அம்மாவுக்கு முட்டைய பிடுங்கற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. குடுங்க.

பெயர்_வேண்டாமுங்க:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போயிட்டு வந்துட்டேன். ஈசிஜி எடுக்கற எடத்துல பாசிட்டிவ்னு சொல்லோணுமான்னு ரொம்ப நேரம் வெளிய பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். அப்பறம் உள்ள போனா அந்தப் பொண்ணு மாத்திரை எதாச்சும் சாப்பிடறீங்களான்னு மட்டும் கேட்டுச்சு, டிஎல்டின்னேன், அது பாட்டுக்கு வயர ஒட்டுச்சு. மூஞ்சி சுளிக்கவே இல்லீங்க.

ஈசிஜி நல்லா இருக்குதாம். பிபி 152/96. ஹீமோகுளோபின் 8.9. சர்க்கரை மூணு மாச கணக்கு 6.1, இன்னும் சர்க்கரை வியாதி இல்ல, வர்ற எல்லைல இருக்கறன்னாங்க. தைராய்டு சரி. கெட்ட கொழுப்பு 128. டானிக்கு பாட்டில சென்டர்ல காட்டினேன், எம்ஓ மேடம் அதை நிறுத்தச் சொல்லிட்டு வைரல் லோடுக்கு ரத்தம் எடுத்துட்டாங்க. பிபி மாத்திரை, அயர்ன் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. எக்கோவுக்கு தேதி குடுத்திருக்காங்க. ஸ்டாடின் பத்தி நானே கேட்டேனுங்க! மேடம் ஒரு நிமிசம் என்னைய பாத்தாங்க, எங்க படிச்சேன்னாங்க. எக்கோ பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா அதை போட்டா சர்க்கரை வந்துரும்னு பட்டறைல ஒரு அக்கா சொல்றாங்க. எனக்குத்தான் 6.1 இருக்குதே.

இன்னொண்ணு, அயர்ன் மாத்திரை வாங்கற எடத்துல எப்ப போடோணும்னு கேட்டா வெறும் வயித்துல காலைலன்னு சொல்லிட்டாங்க. நான் டிஎல்டிய ராத்திரி சாப்ட்டு ஒம்பது மணிக்கு போடறேன்.

ஜிஹெச்_மெடிசின்:

உங்க அக்கா சொல்றதுல விஷயம் இருக்கு, ஆனா அளவு தெரியணும். அதே ரிப்ரீவ்ல வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 4 பேருக்கு சர்க்கரை வந்துச்சு, ஸ்டாடின் பக்கம் 100-க்கு 5 பேர் சொச்சம். எல்லைல இருக்கறவங்களுக்கு அந்த கூடுதல் பெரும்பாலும் கொஞ்சம் சீக்கிரமா வர்றது தான். 6.1-க்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும். பின்னாடி எப்பவாவது மெட்ஃபார்மின்னு சர்க்கரை மாத்திரை எழுதினா டிஎல்டி சாப்பிடறத சொல்லுங்க, டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மின் அளவ ஏத்தி விடும், நாளைக்கு 1,000 மில்லிகிராம் தாண்டாம வெப்பாங்க. 152-க்கு பிபி மாத்திரைய விடாதீங்க, இப்போதைக்கு உங்க இதயத்துக்கு அது தான் பெரிய விஷயம். 8.9 எதனாலன்னும் கேளுங்க, பீரியட்ஸ் நின்ன பிறகும் ரத்தம் கம்மின்னா காரணம் தேடணும், அயர்ன் குடுத்து விட்டுடக் கூடாது.

கோமதி_சென்னை:

ஸ்டாடின் பத்தி நீயா கேட்டியா, சபாஷ்! அப்புறம் ஸ்டேட்டஸ் பத்தி. ஈசிஜி ரூம்ல எல்லாம் சொல்லணும்னு கட்டாயமே இல்ல, 2017 எச்ஐவி சட்டத்துல உன் சம்மதம் இல்லாம வெளிய சொல்றதும் தப்பு, அதக் காட்டி சிகிச்சை தர மாட்டேன்றதும் தப்பு. ஆனா மருந்து எழுதற டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடு, இல்லன்னா இன்னொரு ரோஸ் கலர் பாட்டில் வரும். எதாவது தகராறுன்னா 1097, எய்ட்ஸ் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணு, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

மதுர_கவுன்சிலர்:

அயர்ன் டைம்: காலைல வெறும் வயித்துல போட்டாலும் ராத்திரி ஒம்பதுக்கு 6 மணி நேரத்துக்கு மேலயே இடைவெளி இருக்கு, டிஎல்டிக்கு ஒண்ணும் ஆகாது. வெறும் வயித்துல குமட்டுச்சுன்னா மதியம் சோத்தோட போடுங்க, அதுவும் சரி தான். டீயோட மட்டும் வேணாம், அயர்ன் உடம்புல ஏறாது. தறிப் பட்டறைல பதினோரு மணிக்கு டீ வரும்ல, அதுக்கு கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. வைரல் லோடு ரிசல்ட் வந்ததும் இங்க ஒரு வரி போடுங்கக்கா.